அளவை எங்கிருந்து எடுப்பது?

1

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்ற பழமொழியை நாம் எல்லோரும் ஏதோ ஒரு வயதில் கட்டுரைக் கொப்பியில் எழுதியிருக்கிறோம். அந்தப் பழமொழி இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அளவை எடுப்பவர் யார்? அவர் எந்த இடத்தில் நின்று அதை எடுக்கிறார்? ஊற்றுபவரின் கையில் எடுக்கும் அளவும் குடிப்பவரின் வயிற்றில் எடுக்கும் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அவை இரண்டும் ஒன்றாக இல்லாதபோது, நல்ல மனத்தோடு கொடுப்பவர் ஒருவர் கேடு செய்துவிட்டால், பிழை யாருடையது? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கொதித்த பற்றறி. ஆகவே இயந்திரத்தைப் பற்றி முதலில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னோடு ஒரே குசினியில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த யப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஸ்காபுறோவில் மலிவாக வாங்கினார். ரொறன்ரோவில் மோட்டார் சைக்கிள் ஓடக்கூடிய காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்ரோபர் வரை என்று சொல்லலாம். மற்ற மாதங்களில் அது போர்வைக்குள் நிற்கும். அந்தக் குறுகிய முதற் கோடையிலேயே அவர் மூன்று பற்றறிகள் மாற்றினார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது ஒன்றுதான்: "பற்றறி சரியில்லை மச்சான்."

தொடக்கத்தில் அவருக்குச் சந்தோசமாகவே இருந்தது. ஹெட்லைற் வழக்கத்தைவிட வெள்ளையாக எரிந்தது. ஹோர்ன் கணீரென்று கேட்டது. இரண்டு கிழமைக்குள் ஹெட்லைற் பல்ப் எரிந்துபோனது. பிறகு பின் விளக்கு. பற்றறியின் பக்கத்தில் கை வைத்தால் சுட்டது. கூழ்முட்டை நாற்றம் வந்தது. அமிலம் வடிந்து கீழே இருந்த இரும்பின் நிறப்பூச்சை உரித்திருந்தது. மிகை முதலில் நோயாகத் தோன்றுவதில்லை. செழிப்பாகத்தான் தோன்றுகிறது. இது நான் குறித்துக்கொண்ட முதலாவது பாடம்.

2

ஈய அமிலப் பற்றறியை 1859இல் பிரான்சைச் சேர்ந்த கஸ்தோன் பிளான்ரே உருவாக்கினார். இன்றும் அதன் அடிப்படை மாறவில்லை. பன்னிரண்டு வோல்ற் பற்றறிக்குள் ஆறு சிறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேலே தரும். நன்றாக நிரம்பி ஓய்வில் இருக்கும் பற்றறி 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். அதை நிரப்புவதற்கு அதைவிடச் சற்று அதிக அழுத்தம் வேண்டும். சாதாரணமாக 14 வோல்ற்றுக்கும் 14.5 வோல்ற்றுக்கும் இடையில். 15ஐத் தாண்டினால், நிரம்பிய பற்றறிக்கு அந்த மின்சாரத்தைச் சேமிக்க வழியில்லை. அது தன் தண்ணீரையே ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்து வெளியே விடத் தொடங்கும். நாம் 'கொதிக்கிறது' என்று சொல்வது இதைத்தான். தண்ணீர் இறங்க, ஈயத் தகடுகள் வெளியே தெரியும். தகட்டிலிருக்கும் பசை உதிரும். அதன் பிறகு அந்தப் பற்றறிக்கு மீட்சி இல்லை.

மின்சாரத்தை உற்பத்தி செய்வது எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஓல்ரனேற்றர். பழைய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் அதன் உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிறது. நிரந்தரக் காந்தத்துக்கு 'குறைத்துக்கொள்' என்று சொல்ல முடியாது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால் அது கூடுதலாகத் தரும். அது அறிந்தது அவ்வளவே. ஆகவே அதற்கும் பற்றறிக்கும் இடையில் றெகுலேற்றர் என்ற ஒன்றை வைக்கிறார்கள். போதுமான அளவு வந்ததும் மிஞ்சியதைச் சுற்றுப்பாதையிலேயே திருப்பிவிட்டு வெப்பமாக எரித்துவிடுவது அதன் வேலை. அதன் உடலில் அலுமினியச் செட்டைகள் இருப்பது அந்தச் சூட்டைக் காற்றில் விடுவதற்காகத்தான்.

'போதும்' என்பதை றெகுலேற்றர் எப்படி அறிகிறது? சில மொடல்களில் அதற்கென்று மெல்லிய வயர் ஒன்று தனியாக வருகிறது. பற்றறியில் எத்தனை வோல்ற் இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவருவது அந்த வயர். ஆனால் அது பற்றறியிலிருந்து நேராக வருவதில்லை. பிரதான பியூஸ் வழியாக, திறப்புப் போட்டுத் திருப்பும் சுவிச்சின் வழியாக, இரண்டு மூன்று இணைப்புகளையும் கடந்து வருகிறது. புதிதாக இருக்கும்போது இந்தச் சுற்றுவழியால் ஒரு நட்டமும் இல்லை. நாற்பது வருடம் மழையும், பனிக்காலத்தில் ஒன்ராறியோ வீதிகளுக்குப் போடும் உப்பும் சேர்ந்து ஒவ்வொரு இணைப்பிலும் பச்சைக் களிம்பைப் பிடிக்கச் செய்தால் கதை வேறு.

இடையில் விட்ட என் பௌதிகப் படிப்பில் மிச்சமாக இருப்பது ஒரு மீற்றரைப் பிடிக்கத் தெரிந்ததுதான். நாலாவது பற்றறி வாங்க முன்னர் அளந்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிறு காலையில் இருந்தோம். முதலில் பற்றறியையே சந்தேகிக்க வேண்டும். ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டால் ஓய்வில் பத்தரை வோல்ற் அளவில்தான் காட்டும். றெகுலேற்றருக்கு அறைகளை எண்ணத் தெரியாது. அது 14.4 வோல்ற்றைத் தொடர்ந்து கொடுத்தால், ஆறு பேர் பகிர வேண்டியதை ஐந்து பேர் சுமக்க வேண்டும். செத்தவரின் பங்கும் உயிரோடு இருப்பவர்கள் தலையில் விழ, அவர்களும் கொதித்துப் போவார்கள். நண்பரின் பற்றறி 12.7 காட்டியது. அதில் குறை இல்லை.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்று வேகத்தில் பற்றறியின் இரு முனைகளிலும் அளந்தோம். 15.9 வோல்ற். அதே வேகத்தில், அந்த மெல்லிய வயர் றெகுலேற்றரைச் சேரும் இடத்தில் அளந்தோம். 14.4. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் நேர் முனையிலும் மற்றதை அந்த வயரிலும் வைத்தால் ஒன்றரை வோல்ற் வித்தியாசம். நல்ல இணைப்பில் இது ஒரு வோல்ற்றின் பத்தில் இரண்டு பங்கைக்கூடத் தாண்டக்கூடாது. றெகுலேற்றரின் உடல் நிலத்தோடு சேரும் பக்கத்தையும் பார்த்தோம். அது சுத்தமாக இருந்தது.

அதாவது றெகுலேற்றர் பழுதில்லை. 14.4இல் நிறுத்து என்று அதைச் செய்தவர்கள் பணித்திருந்தார்கள். அது தனக்குத் தெரிந்த 14.4இல் மிகச் சரியாக நிறுத்தியது. பற்றறியும் பழுதில்லை. ஓல்ரனேற்றரும் பழுதில்லை. செய்தி வரும் வழியில் ஒன்றரை வோல்ற் தொலைந்திருந்தது. சுவிச்சின் உள்ளே இருந்த தொடுமுனைகளை உரசித் துடைத்து, களிம்பு பிடித்த இணைப்பு ஒன்றை வெட்டிப் புதிதாகப் போட்டதும் பற்றறியில் 14.5 காட்டியது. செலவு ஐந்து டொலருக்கும் குறைவு.

3

இந்தப் பழுதில் என்னை யோசிக்க வைத்தவை இரண்டு.

ஒன்று, தண்டனை யாருக்குக் கிடைத்தது என்பது. மூன்று பற்றறிகளும் பாதிக்கப்பட்டவை. மூன்றும் 'சரியில்லை' என்ற தீர்ப்போடு வெளியே எறியப்பட்டன. கொதித்தவனைத்தான் கண்ணுக்குத் தெரியும். கொதிக்கவைத்தது எது என்று கேட்க மீற்றர் வேண்டும், ஒரு ஞாயிறு வேண்டும், குனிந்து பார்க்கும் பொறுமை வேண்டும். எங்கள் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. இரண்டு வேலை செய்து ஒருநாள் சத்தம் போட்டு உடைந்துபோன தகப்பனைப் 'பைத்தியம்' என்கிறோம். வயலின், கணக்கு, தமிழ், நீச்சல் என்று ஏற்றி ஏற்றிக் கதவைப் பூட்டிக்கொண்ட பிள்ளையை 'இங்கத்தைய பிள்ளை, அப்படித்தான்' என்கிறோம்.

மற்றது இன்னும் சங்கடமானது. அந்தக் கேட்டைச் செய்தது தன் கடமையில் இம்மியும் பிசகாத ஒரு கருவி. அமெரிக்கக் கணிதவியலாளர் நோர்பேர்ட் வீனர் 1948இல் தன் புதிய துறைக்கு 'சைபர்நெற்றிக்ஸ்' என்று பெயர் வைத்தபோது, சுக்கான் பிடிப்பவன் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். அதே சொல் இலத்தீன் வழியாகத் திரிந்துதான் ஆங்கிலத்தில் 'கவர்னர்' ஆயிற்று. நீராவி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்கும் அதே பெயர். நாட்டை ஆள்பவருக்கும் அதே பெயர். மக்ஸ்வெல் 1868இல் அந்தக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையை வீனர் தன் துறையின் முன்னோடியாகக் கொண்டார். ஆள்வது என்றால் கட்டளையிடுவது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பொறியியல் சொல்வது வேறு: ஆள்வதில் பாதி, செய்தியைத் திரும்பப் பெறுவது. திரும்பி வரும் செய்தி பொய்யானால், ஆள்பவர் எவ்வளவு நேர்மையாக இருக்கிறாரோ அவ்வளவு உறுதியாகக் கேடு செய்வார். சோம்பேறி றெகுலேற்றர் ஒன்று இருந்திருந்தால் நண்பரின் பற்றறி பிழைத்திருக்கவும் கூடும்.

குசினியில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. இரவு பத்து மணிக்கு நாக்கு மரத்துப்போன சமையல்காரரின் கை நல்ல கைதான். அவர் அக்கறையோடுதான் உப்பைச் சேர்க்கிறார். அவருக்குப் போதவில்லை, சாப்பிடுபவருக்கு வாயில் வைக்க முடியவில்லை. அப்போது அவர் செய்ய வேண்டியது இன்னும் கவனமாகச் சுவைப்பது அல்ல. வேறொருவரின் நாக்கைக் கேட்பது.

4

சரியான அளவு என்று ஒன்று எங்கோ எழுதிவைக்கப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் குறைந்திருக்கும். அப்படியும் இல்லை. பற்றறிக்குத் தேவையான வோல்ற் அதன் சூட்டைப் பொறுத்து மாறும். பன்னிரண்டு வோல்ற் பற்றறியில் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறக்குறைய ஒரு வோல்ற்றின் நூறில் இரண்டு பங்கு மாறுகிறது. 25 பாகையில் 14.4 சரியென்றால், ரொறன்ரோவின் ஏப்ரல் காலையில், ஐந்து பாகைக் குளிரில், 14.8 வரை தேவை. கிளிநொச்சியின் 35 பாகை வெயிலில் 14.2 போதும். ஒரே பற்றறி, ஒரே றெகுலேற்றர்; ஓரிடத்தில் பசி, மற்றோரிடத்தில் அசீரணம்.

அரிஸ்டோட்டில் தன் அறவியல் நூலில் நடுநிலை பற்றிப் பேசும்போது மைலோ என்ற மல்யுத்த வீரனை உதாரணம் காட்டுகிறார். பத்துக்கும் இரண்டுக்கும் நடு ஆறு என்பது கணக்கு. ஆனால் ஆறு பங்கு உணவு மைலோவுக்குக் காணாது. பயிற்சியை இப்போதுதான் தொடங்குபவனுக்கு அது அதிகம். பொருளின் நடுவும் மனிதருக்கான நடுவும் வேறு என்பது அவர் வாதம். இதை நான் ஏற்கிறேன். ஆனால் மைலோவின் பயிற்சியாளர் மைலோவின் முன்னால் நிற்கிறார். அவன் சாப்பிடுவதையும் மூச்சு வாங்குவதையும் கண்ணால் பார்க்கிறார். அரிஸ்டோட்டிலின் நடுநிலை ஒருவரையொருவர் பார்க்கக்கூடிய சிறிய நகரத்தின் நடுநிலை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு மைலோவுக்குச் சோறு போடுபவர் என்ன செய்வார்?

எங்கள் சனத்திடம் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் இருக்கிறது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் அகப்பட்டன. மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வானொலியை இணைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டார்கள். அந்த ஆறு வோல்ற் டைனமோவுக்கு றெகுலேற்றர் கிடையாது. வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறி வானொலியைக் கெடுத்துவிடும். மெதுவாகச் சுற்றினால் குரல் அமுங்கிப்போகும். சுற்றுபவரேதான் றெகுலேற்றர். அவருடைய காதுதான் அந்த மெல்லிய வயர். வானொலிக்கும் காதுக்கும் இடையில் இரண்டு முழம்கூட இல்லை. ஆகவே எந்தக் கருவியும் இல்லாமல் அளவு நின்றது. மூத்தவர்கள் இதை எங்கள் சனத்தின் கெட்டித்தனமாகச் சொல்வார்கள். அருகில் இருந்ததன் பலன் என்றும் அதைச் சொல்லலாம்.

5

இனி தூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புலம்பெயர்ந்தவர்கள் ஊருக்குக் கொடுத்தது பணம் மட்டுமல்ல. உற்சாகம் கொடுத்தோம், கருத்துக் கொடுத்தோம், 'இன்னும் கொஞ்சம்' என்ற சொல்லையும் கொடுத்தோம். 2009 சனவரியிலிருந்து மே நடுப்பகுதிவரை வன்னியில் சனங்கள் முள்ளிவாய்க்கால் கடற்கரையை நோக்கி ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, இந்த நகரத்தில் பலர் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் நின்றார்கள். மே 10ஆம் திகதி கார்டினர் பெருவீதியையே மறித்தார்கள். அது செய்ய வேண்டிய காரியம். ஆனால் அதே மாதங்களில், சனங்கள் இன்னும் தாங்குவார்கள், கடைசியில் எல்லாம் திரும்பும் என்று உறுதியாக நம்பியவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்கு வந்துசேர்ந்த செய்தியில் பற்றறி இன்னும் நிரம்பவில்லை. குண்டு போட்டவர்களின் குற்றமும், சனத்தை வெளியேற விடாமல் மறித்தவர்களின் குற்றமும் வேறு. அவற்றை இந்த உவமையால் குறைக்க முடியாது. நான் பேசுவது அன்பாலும் நம்பிக்கையாலும் தூரத்திலிருந்து ஏற்றியவர்களின் பொறுப்பைப் பற்றி.

தெரியாமல் செய்தவருக்குப் பொறுப்பு இல்லை என்பது வழக்கமான பதில். றெகுலேற்றரைப் பொறுத்தவரை அது சரி. அதனால் தன் வயரைத் தானே சோதிக்க முடியாது. மனிதரால் முடியும். தவிர, எங்களுடைய வயர் தானாக மட்டும் களிம்பு பிடிக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இடையில் சனம் என்ன நிலையில் இருக்கிறது என்று அளந்து எழுதியவர். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அளவை உள்ளபடி சொன்ன வேறு பலர் 'துரோகி' என்ற ஒற்றைச் சொல்லால் வாயடைக்கப்பட்டார்கள். இந்த நகரத்திலும் அது நடந்தது. செய்தி கொண்டுவரும் வயரை வெட்டிவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்பவரின் அறியாமை, அறியாமை ஆகாது. அது அவரே சம்பாதித்துக்கொண்டது.

வெட்டப்படாத வயரிலும் பொய் வருகிறது. அதுவும் அன்பின் பெயரால். ஊரில் தொலைபேசியை எடுக்கும் தாய் "நாங்கள் நல்லா இருக்கிறம், நீ கவலைப்படாதை" என்கிறா. இங்கே இருப்பவரும் "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்கிறார். அவவுடைய கால் வீக்கம் அந்தச் சொல்லில் வராது. இவருடைய இரண்டாவது வேலை இந்தச் சொல்லில் வராது. பிறகு அங்கிருந்து தங்கச்சியின் கலியாணத்துக்கு ஒரு தொகை கேட்கப்படும். கேட்பவர்கள் பேராசைக்காரர் அல்லர். 'ஒரு குறையும் இல்லை' என்பதை நம்பியவர்கள். ஒன்றரை வோல்ற் தொலைந்துபோவது இப்படித்தான்.

6

அப்படியானால் சரியாக அளக்கும்வரை ஒன்றும் கொடுக்காமல் இருப்பதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போர்க்காலத்தில் அளப்பதற்கு வழியே இருக்கவில்லை என்பதும் உண்மை. இதற்கும் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளிடம் ஒரு பதில் இருக்கிறது. சில நாட்கள் குறைவாக ஏற்றிய பற்றறியை மறுபடி நிரப்பிவிடலாம். கொதித்துத் தகடு உதிர்ந்த பற்றறியை மீட்க முடியாது. இரண்டும் பிழைதான், ஆனால் சமமான பிழைகள் அல்ல. அளவு தெரியாத இடத்தில் திருத்தக்கூடிய பிழையின் பக்கமாகச் சாய்ந்து நிற்பதுதான் நேர்மை.

இதைக் கஞ்சத்தனத்துக்குச் சாட்டாக எடுக்கக்கூடாது. அரிசி கொஞ்சம் கூடப் போனால் யாரும் கொதித்துப் போவதில்லை. மிஞ்சினால் அயல்வீட்டுக்குப் போகும். பசி என்று தெரிந்த இடத்தில் கூடக் கொடுப்பதுதான் திருத்தக்கூடிய பிழை. வீரம், தியாகம், பொறுமை, 'இன்னும் கொஞ்சம்' ஆகியவற்றில் நிலைமை மறுபக்கம். அங்கே மிகை போனால் கொதிப்பது இன்னொருவரின் உடம்பு. எதை ஏற்றுகிறோம், மிஞ்சினால் யாருடைய தகடு உதிரும் என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். அதற்குப் பொதுவிதி ஒன்றும் என்னிடம் இல்லை.

இந்த வகைப் பழுதுக்கு நல்ல மெக்கானிக்குகள் செய்யும் நிரந்தர வேலை ஒன்று உண்டு. அந்த மெல்லிய வயரைப் பழைய சுவிச்சின் வழியாகச் சுற்றவிடாமல், றிலே ஒன்றைப் போட்டுப் பற்றறியின் முனையிலிருந்தே நேராகக் கொண்டுவருவார்கள். அளவு எங்கே முக்கியமோ அங்கேயே அது எடுக்கப்படும். மனிதர் விடயத்தில் இதற்கு ஈடானது, சுமப்பவரே தன் வாயால் 'போதும்' என்று சொல்லக்கூடிய நிலைமை. அதைச் சொன்னதற்காக அவர் துரோகி என்றோ, நன்றி கெட்டவர் என்றோ, சோம்பேறி என்றோ பெயர் வாங்காத நிலைமை. கொடுப்பவர்கள் செய்ய வேண்டிய திருத்தம் இது.

வாங்குபவர்கள் பக்கத்தில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. "நல்லா இருக்கிறம்" என்று சொல்லும் அந்தத் தாய்க்கு உண்மையைச் சொல்லும் கடமை உண்டா? பிள்ளையின் நித்திரையைக் கெடுக்காமலிருக்க அவ சொல்லும் பொய்யை எந்த அறநூலும் பெரிய குற்றமாகக் கொள்ளாது. ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் பிள்ளை தன் அளவுகளை எடுக்கிறது. ஒருவரையொருவர் காப்பதற்காகச் சொல்லும் இந்தச் சின்னப் பொய்களை விட்டுவிட்டு எங்கள் சனம் தொலைபேசியில் கதைக்கப் பழகுமா, பழகினால் இரண்டு பக்கத்தாராலும் அதைத் தாங்க முடியுமா என்பதை வாசகர்களின் யோசனைக்கு விடுகிறேன்.